இரண்டு வைத்தியமும் ஒரு முழுக்கைச் சட்டையும்

1

போன மாதம் என் பெருவிரல், என்னை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டது.

அடையாள அட்டையின் ஓரம் உடைந்துபோனதால் புதிதாக எடுக்கப் போயிருந்தேன். கிள்ளான் பதிவு அலுவலகத்தில் காலை ஏழரைக்கே வரிசை நின்றது. நம்பர் வாங்கி, படம் எடுத்து, விரல் வைக்கும் கண்ணாடிக்கு வந்தபோது இயந்திரம் சிவப்பு விளக்கைக் காட்டியது. கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் "சூபா லாகி" என்றார். மறுபடி முயன்று பார் என்று அர்த்தம். வைத்தேன். மறுபடியும் சிவப்பு. துடைக்க ஈரத்தாள் கொடுத்தார். துடைத்தேன், தாளோடு விரலிலும் கொஞ்சம் உரிந்து வந்தது. இடது பெருவிரலுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்தார். அது வலதுக்குச் சளைத்ததில்லை.

"அண்ணன் தோலுக்கு என்ன ஆச்சு?" என்று மலாயில் கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார். சொரியாசிஸ் என்றேன். உள்ளே போய் மேலதிகாரியை அழைத்து வந்தார். அவர் என் விரலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பழைய அட்டையில் உள்ள படத்தைப் பார்த்தார். அந்தப் படத்தில் எனக்கு முடி இருந்தது. ஆக, விரலும் சாட்சி சொல்லவில்லை, தலையும் சாட்சி சொல்லவில்லை. நான்தான் நான் என்று ஒரு படிவத்தை நிரப்பி, அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

வெளியே வந்து கணக்குப் போட்டபோதுதான் தெரிந்தது, நிரந்தரவாசி என்ற சிவப்பு அட்டை என் கைக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. முழங்கையில் முதல் சிவப்புத் திட்டு வந்ததும் அதே மாதம்தான். மலேசியா எனக்குக் கொடுத்த நிரந்தரங்கள் இரண்டு. முதலாவதற்கு ஆறு வருஷம் நடையாய் நடந்தேன். இரண்டாவது வீடு தேடி வந்தது.

2

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் சிவகாசிக்காரன். அச்சு இயந்திரம் ஓட்டப் பழகி, அந்தத் தொழிலோடு இங்கே வந்து, தெலுக் பங்லிமா காராங்கில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் இன்றைக்கும் அதையே செய்துகொண்டிருக்கிறேன். மனைவி சுமதி பக்கத்துக் கடலோர ஊரான காப்பாரில் பிறந்து வளர்ந்தவள். மகள் கீர்த்தனாவுக்குப் பதினான்கு வயது.

சொரியாசிஸ் என்றால் தோல் அவசரப்படுவது, அவ்வளவுதான். மெதுவாக நடக்க வேண்டிய வேலையைச் சில நாளில் முடித்து, பழைய தோல் உதிருமுன்னே புதுத் தோலை மேலே அடுக்கிவிடுகிறது. அடியில் சிவப்பு, மேலே வெள்ளிச் செதில். தொழிற்சாலையில் நான் ஒருநாளும் இவ்வளவு உற்பத்தி காட்டியதில்லை. மேலாளருக்குத் தெரிந்தால் இயந்திரத்தை விட்டுவிட்டு என்னையே ஓடவிடுவார்.

முழங்கையில் தொடங்கியது முழங்காலுக்குப் போய், முதுகில் குடியேறி, தலையில் வந்து உட்கார்ந்தது. வீட்டில் நான் எங்கே இருந்தேன் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, தரையைப் பார்த்தால் போதும். சுமதி ஒன்றும் சொல்லாமல் கூட்டுவாள். கீர்த்தனாதான் "அப்பா, ஸ்னோயிங் அகேன்" என்பாள். அவள் பனியைப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டு சோபாவில்தான் பார்த்திருக்கிறாள்.

ஒருநாள் பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். "அம்மா வந்தா போதும்பா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. என் கையைப் பார்த்து வெட்கப்படுகிறாள் என்று நினைத்து இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் சுமதி விசாரித்துச் சொன்னாள்: "கை இல்லைங்க, உங்க மலாய்தான். போன தடவை டீச்சர்கிட்ட நீங்க பேசினத கிளாஸ்ல இன்னும் பேசிக் காட்டுறாங்களாம்." எனக்குப் பெரிய நிம்மதி. நோய்க்கு மருந்து இருக்கிறது, என் மலாய்க்கு இல்லை, அது வேறு விஷயம்.

தோலைப் பார்த்து ஒதுக்குவார்கள் என்ற பயம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போக வேண்டியதில்லை. சிவகாசியில் நான் வேலை பழகிய அச்சகத்தில் பிழை திருத்துபவர் ஒருவர் இருந்தார். சண்முகையா அண்ணாச்சி. இரண்டு கையிலும் இதேபோல வெள்ளித் திட்டுகள். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் குடிக்கப் பொதுவாக டம்ளர்கள் இருக்கும். அவர் டம்ளர் மாறிவிடக் கூடாதென்று அதில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்தோம். வைத்தோம் என்று பன்மையில் எழுதுவது பொய். நான்தான் வைத்தேன், நல்ல யோசனை என்று பாராட்டும் வாங்கினேன். அண்ணாச்சி அந்தப் புள்ளியைப் பார்த்தார், அதிலேயே குடித்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்க நினைத்த வயதில் அவர் இல்லை.

3

முதல் வைத்தியம் அரசு மருத்துவமனை. தோல் பிரிவில் நம்பர் எடுத்து, ரத்தம் கொடுக்க இன்னொரு நம்பர் எடுத்து, மருந்து வாங்க மூன்றாவது நம்பர் எடுத்துத் திரும்பும்போது மதியம் ஆகிவிடும். அதில் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பது ஆறு நிமிஷம். அவரைக் குறை சொல்லவில்லை, வெளியே எழுபது பேர் காத்திருந்தோம்.

முதல் நாளே என் மலாயைக் காட்ட ஆசைப்பட்டேன். அரிக்கிறது என்று சொல்வதாக நினைத்து "சாயா காத்தால்" என்றேன். டாக்டர் இளம்பெண். கணினியைப் பார்த்துக்கொண்டே உதட்டைக் கடித்தார். பக்கத்தில் நின்ற தமிழ் மிஸ்ஸி (நர்ஸை இங்கே மிஸ்ஸி என்பார்கள், பேச்சுக்குப் பேச்சு ஒரு லாவும் சேர்ப்பார்கள்) என்னை வெளியே கூட்டிப்போய்ச் சொன்னார்: "அண்ணே, ஆம்பள தன்னைப் பத்தி அப்படிச் சொல்லக்கூடாது. பொம்பள பித்துன்னு அர்த்தம் வரும் லா." அதற்குப் பிறகு நான் அங்கே தமிழைத் தவிர வேறொன்றும் பேசுவதில்லை, மிஸ்ஸி மொழிபெயர்த்துவிடுவார்.

தார் களிம்பு கொடுத்தார்கள். ராத்திரி பூசிக்கொண்டு படுத்தால் காலையில் புதிதாக ரோடு போட்ட வாசம் வரும். ஸ்டீராய்டு களிம்பு கொடுத்தார்கள். அது மந்திரம் போட்டதுபோலக் கேட்டது, நிறுத்தினால் மந்திரம் திரும்பிக்கொண்டது. பிறகு ஒளி சிகிச்சை. சுற்றிலும் குழல் விளக்குகள் பொருத்திய ஆளுயர அலமாரி. கண்ணுக்குக் கருப்புக் கண்ணாடி, மானத்துக்குக் கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிய துணி, மற்றபடி பிறந்தமேனி. வாரம் மூன்று தடவை. ஆறாவது வாரம் மேலாளர், "நீ இங்கே வேலை செய்கிறாயா, ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாயா?" என்று கேட்டார். அதோடு விட்டேன்.

கடைசியில் வாரத்துக்கு ஒரே ஒருநாள் சாப்பிடும் மாத்திரை. எனக்குத் திங்கட்கிழமை. கல்லீரலைக் கவனித்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்து அது. மது கூடாது, குறித்த நாளில் ரத்தம் கொடுக்க வேண்டும், வேறு எந்த மருந்து எடுத்தாலும் சொல்ல வேண்டும். டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார், மிஸ்ஸி ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார், நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன்.

"இது முழுக்கப் போயிருமா?" என்று கேட்டேன்.

"போகாது. அடக்கி வச்சிருக்கலாம்" என்றார் டாக்டர். அந்த பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

4

பிடித்த பதிலைத் தேடி, சுமதியையும் கூட்டிக்கொண்டு, தலைநகரில் இருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனேன். கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பூக்கடைகளையும் வடை வண்டியையும் தாண்டினால் ஒரு மாடிப்படி. மேலே ஆயுர்வேத வைத்தியசாலை. வைத்தியர் பாலக்காட்டுக்காரர், அறுபது வயதிருக்கும். தமிழ் பேசினால் பாதி மலையாளம் கூடவே வரும்.

அவர் எனக்கு நாற்பது நிமிஷம் கொடுத்தார். நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார். எப்போது தூங்குகிறேன், எத்தனை முறை வெளிக்குப் போகிறேன், மீனும் தயிரும் ஒரே வேளையில் சாப்பிடுவேனா என்று விசாரித்தார். "தேஷ்யம், கோபம், வருமோ?" என்று என்னைக் கேட்டதற்கு சுமதி பதில் சொன்னாள். அதுவே பத்து நிமிஷம் ஓடியது. பன்னிரண்டு வருஷத்தில் என் கதையை முழுக்கக் கேட்ட முதல் மனிதர் அவர்தான். கேட்டு முடித்தபோது பாதி அரிப்பு போய்விட்டதுபோல் இருந்தது.

"போகுமா?" என்று கேட்டேன்.

"பத்தியம் இருந்தா வேரோட போகும்" என்றார். ஆஹா, இவரல்லவா வைத்தியர்!

ஐந்து நாள் காலையில் மருந்து போட்ட நெய் குடிக்க வேண்டும், நாளுக்கு நாள் அளவு கூடும். நாலாம் நாள் தொழிற்சாலையில் பக்கத்து இயந்திரத்துச் சீனர் என்னை மோந்து பார்த்துவிட்டு, இன்றைக்கு என்ன பலகாரம் கொண்டுவந்தாய் என்று கேட்டார். பிறகு ஒருநாள் பேதிக்கு மருந்து. அன்று லீவு போட்டேன். எங்கள் வீட்டில் மூன்று அறை உண்டு, அன்று முழுக்க நான் நாலாவது அறையில் வாழ்ந்தேன். பிறகு கசாயம், மாத்திரை, உடம்பில் பூச ஊதா நிறத் தைலம். பனியன், படுக்கை விரிப்பு, தலையணை எல்லாம் ஊதாவாகிவிட்டது.

பத்தியம்தான் பெரிய கதை. மீன் கூடாது, கருவாடு கூடாது, தயிர், புளி, கத்தரிக்காய், ஊறுகாய், உளுந்து கூடாது. பட்டியலைப் பார்த்துவிட்டு சுமதி வைத்தியரையே கேட்டாள்: "மீன் இல்லாம எப்படி லா மனுசன் சோறு சாப்பிடுறது? நாங்க காப்பார்." அது ஓர் ஊரின் பெயராக இல்லாமல் மருத்துவக் காரணம்போல இருந்தது. வைத்தியர் சிரித்தார், ஆனால் பட்டியலில் ஒன்றையும் அடிக்கவில்லை.

5

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் அறிவுள்ளவன் செய்வது. எனக்கோ அவசரம் இருந்தது.

என் தங்கை செல்வி செராஸில் இருக்கிறாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் நான்தான் இங்கே மாப்பிள்ளை பார்த்து ஊரிலிருந்து வரவழைத்துக் கட்டிக்கொடுத்தேன். நல்ல குடும்பம், ஆனால் எதையும் கூர்ந்து பார்க்கும் குடும்பம். பெண்ணின் அண்ணனுக்குத் தோல் வியாதி என்று தெரிந்தால் பெண்ணையும் ஏற இறங்கப் பார்ப்பார்களே என்று, பெண் பார்க்க வந்த நாளிலிருந்து அவர்கள் முன்னால் நான் முழுக்கைச் சட்டைதான். எங்கள் வீட்டில் அதற்குச் செராஸ் சட்டை என்றே பெயர். செல்வி ஒருமுறை மணிக்கட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "அலர்ஜி" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன்.

அவள் மகனுக்கு மூன்றாவது வயது நடக்கிறது. தை மாதம் காது குத்த நாள் பார்த்தார்கள். தாய்மாமன் நான். என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், அத்தனை பேர் நடுவில், பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டு. என் கையைப் பார்த்துவிட்டு அவள் மாமியார் பிள்ளையைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டால்? எனக்கு அவமானம் வந்தால் கிள்ளானுக்குத் திரும்பிவிடலாம். செல்வி அந்த வீட்டில்தானே இருந்தாக வேண்டும்?

தைக்குள் கை சுத்தமாக வேண்டும். ஆகவே திங்கட்கிழமை ஆஸ்பத்திரி மாத்திரை, தினமும் காலை மாலை கசாயம். டாக்டர் கேட்டபோது வேறு மருந்து இல்லை என்றேன். வைத்தியர் கேட்டபோதும் இல்லை என்றேன். பயத்தால் மறைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. நம்மை நம்பி மருந்து கொடுக்கிறவரிடம், உங்களை மட்டும் நம்பவில்லை என்று சொல்வது மரியாதையா? அப்படி ஒரு மரியாதைக்காரன் நான். சேற்றில் ஒரு கால், ஆற்றில் ஒரு கால்.

மூன்று மாதத்தில் கை தெளிந்தது. டாக்டர் என் முழங்கையைத் தடவி, "மாத்திரை நன்றாகக் கேட்கிறது" என்றார். அதே வாரம் வைத்தியர் அதே முழங்கையைத் தடவி, "கண்டோ, கசாயத்தின் குணம்" என்றார். இரண்டு பேரிடமும் ஆமாம் என்றேன். கீர்த்தனா இரண்டு மருந்தையும் பார்த்துவிட்டு, "அப்பா, இது சேஃபா?" என்று கேட்டாள். பெரியவர்கள் விஷயம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

6

மார்கழியில் கொடுத்த ரத்தத்தில் கல்லீரல் கணக்கு ஏறியிருந்தது. மறுபடி எடுத்தார்கள், இன்னும் ஏறியிருந்தது. டாக்டர் கணினியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று மூன்றாவது முறையாகக் கேட்டார். நான் மிஸ்ஸியைப் பார்த்தேன்.

மிஸ்ஸி குனிந்து சொன்னார்: "அண்ணே, டாக்டர் போலீஸ் இல்ல. புடிச்சு உள்ள போட மாட்டாங்க. என்னா குடிக்கிறீங்க, சொல்லுங்க. ஈரல் போச்சுன்னா மாத்து ஈரல் கடையில கிடைக்காது."

மறுநாள் ஒரு பை நிறையக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். கசாயப் புட்டி, நெய்ப் புட்டி, இரண்டு டப்பி மாத்திரை. டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. "எங்கள் மாத்திரையாக இருக்கலாம், இதுவாக இருக்கலாம், இரண்டும் சேர்ந்ததாக இருக்கலாம். எதனால் என்று எனக்குத் தெரியாது, நீங்கள் தெரியவிடவில்லை" என்றார். மாத்திரையை நிறுத்தினார். பையில் இருப்பதையும் நிறுத்தச் சொன்னார்.

அங்கிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போய் வைத்தியரிடமும் ஒப்புக்கொண்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "நான் முதல் நாளே கேட்டதல்லே? வேற மருந்து உண்டோன்னு? இல்லைன்னு சொன்னீங்க. நான் இந்த உடம்புக்கு மருந்து கொடுத்தேன், நீங்க வேற உடம்பைக் கொண்டு வந்து உட்கார வச்சிருக்கீங்க." ரத்தம் சரியாகும்வரை தன் மருந்தும் கிடையாது என்று மூடிவிட்டார். இரண்டு வைத்தியமும் என் விஷயத்தில் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான்.

எது நல்ல வைத்தியம் என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. பதில் கிடைத்திருக்கும், நான்தான் கலக்கிவிட்டேன். அச்சில் இரண்டு மையை ஒரே தொட்டியில் ஊற்றிவிட்டு எந்த நிறம் நன்றாக இருந்தது என்று கேட்டால் என்ன சொல்வது? பிறகு ரத்தம் சரியாகி, மருத்துவமனை மாத்திரையைக் குறைந்த அளவில் மறுபடி தொடங்கினார்கள். வைத்தியரின் பத்தியத்தில் நேரத்துக்குத் தூங்குவதையும் ஊறுகாய் தொடாததையும் மட்டும் டாக்டர் அனுமதியோடு வைத்துக்கொண்டிருக்கிறேன். அதெல்லாம் பின்னால் நடந்தது.

முன்னால் நடந்தது இது. இரண்டு மருந்தும் நின்ற மூன்றாவது வாரம் திட்டுகள் எல்லாம் திரும்பி வந்தன. தனியாக வரவில்லை, உறவுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்தன. இந்தத் தடவை உள்ளங்கை, விரல்நுனிவரை. காதுகுத்துக்கு ஐந்து நாள் இருந்தது.

7

செல்விக்கு போன் போட்டேன். "லீவு கிடைக்கலம்மா. சித்தப்பா மகன் ஒருத்தன் ஷா ஆலம்ல இருக்கான்ல, அவனும் உனக்கு அண்ணன் முறைதானே. அவன் மடியில வச்சுக் குத்திரலாம்."

"நீ இல்லைன்னா காதே குத்த வேண்டாம்ணே" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சுமதி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "லீவு கிடைக்கலையா? நேத்து எனக்கு லீவு லெட்டரக் காட்டினீங்களே?" என்றாள். பிறகு குரலை இறக்கினாள். "இங்க பாருங்க. இது ஒட்டுற வியாதியா இருந்தா மொதல்ல எனக்குத்தான் ஒட்டியிருக்கணும். அந்தக் கெழவி கேட்டா நான் சொல்றேன். சட்டையப் போடுங்க, போவோம்."

செராஸில் ஒரு கோயில் மண்டபம். தட்டுகளில் சீர் வைத்து, மேளத்தோடு உள்ளே போனோம். தோடு, துணி, பழம், பலகாரம் எல்லாம் சரியாக இருந்தது. நான் செராஸ் சட்டையில் வேர்த்து ஊற்றிக்கொண்டு மணையில் உட்கார்ந்தேன். உள்ளங்கையை மூடியே வைத்திருந்தேன், கும்பிடும்போதுகூட. செல்வி பட்டுச்சேலையும் தலை நிறைய மல்லிகையுமாகப் பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். பையன் என் மீசையைப் பிடித்து இழுத்தான். அதுவரை நல்லபடியாகத்தான் போனது.

ஆசாரி ஊசியை எடுத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தார். என் சட்டைக் கையைப் பார்த்தார். "அண்ணே, கைய மடிச்சு விடுங்க. பட்டன் பிள்ளை காதுல மாட்டும்."

"பரவாயில்ல, நீங்க குத்துங்க" என்றேன்.

"எனக்குப் பரவாயில்லண்ணே, பிள்ளைக்கு?"

மேளம் நின்றுவிட்டது. எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். பட்டனைக் கழற்றி மடித்தேன். மடித்த மடிப்பிலிருந்து பையனின் புதுச் சட்டைமேல் வெள்ளையாக உதிர்ந்தது. முழங்கைவரை சிவப்பு.

செல்வியின் மாமியார் முன்வரிசையில் இருந்தார். எழுந்து வந்தார். "என்னா தம்பி இது? ஒட்டுமா? இதெல்லாம் முன்னுக்கே சொல்ல மாட்டீங்களா?" குரலில் கோபத்தைவிடப் பயம்தான் இருந்தது. பிள்ளையை வாங்கக் கையை நீட்டினார். "வேற யாராச்சும் வச்சுக்குங்க. பிள்ளைய மொதல்ல குளிப்பாட்டணும்."

இந்தக் கேள்விக்கு நான் பன்னிரண்டு வருஷமாக மூன்று மொழியில் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். ஒட்டாது, தொட்டால் வராது, உடம்புக்குள்ளேயே நடக்கிற விஷயம் என்று. ஒரு மொழியிலும் ஒரு சொல் வரவில்லை. பிள்ளையை எடுத்துக்கொள்ளட்டும் என்று கையைத் தளர்த்தினேன். சுமதி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வருவது தெரிந்தது.

அவள் வந்து சேர்வதற்குள் செல்வி என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். மாமியாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தைக் கழற்றி மடியில் வைத்தாள். பின்னலை முன்னால் போட்டு, காதுக்குப் பின்னாலிருந்து பிடரிவரை முடியை ஒதுக்கிப் பிடித்தாள்.

என் முழங்கையில் இருப்பதேதான். சிவப்பு, அதன்மேல் வெள்ளிச் செதில். மல்லிகை இதழ் இரண்டு அதில் ஒட்டியிருந்தது.

"எனக்கு நாலு வருஷமா இருக்கு அத்தை" என்றாள். "இவன் பிறக்கறதுக்கு முந்தியே வந்துருச்சு. ஒட்டும்னா என்கிட்டேயிருந்து எப்பவோ ஒட்டியிருக்கணும். குளிப்பாட்டணும்னா தினமும் என் இடுப்புல இருந்து இறக்கினதும் குளிப்பாட்டணும்." ஒரு கையால் முடியைப் பிடித்தபடியே இன்னொரு கையைப் பிள்ளைமேல் வைத்தாள். "எங்க அண்ணன் மடியிலதான் குத்தணும்."

மாமியார் நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு அந்தக் கையாலேயே பையனின் சட்டைமேல் இருந்ததைத் தட்டிவிட்டார். "மணி ஆவுது, குத்துங்க" என்று ஆசாரியைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அவர் மனம் மாறிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அன்று சாப்பாட்டுப் பந்தியில் அவர் எங்களுக்கு இரண்டு வரிசை தள்ளித்தான் உட்கார்ந்தார்.

பையன் ஊசி படும் முன்னாலேயே கத்தத் தொடங்கினான். இறுக்கி அணைத்துக்கொண்டேன், மறைக்க ஒன்றும் இல்லாததால் நன்றாகவே அணைக்க முடிந்தது. எனக்குக் கண் கலங்கியது. தாய்மாமன் பாசம் என்று படம் பிடித்தவர் நினைத்துக்கொண்டார். எனக்கு வெட்கம், அவ்வளவுதான். செராஸுக்கும் கிள்ளானுக்கும் ஒரு மணி நேரத் தூரம். பன்னிரண்டு வருஷ மருந்துப் பட்டியலை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய அண்ணன் இருந்தும் அவள் நாலு வருஷம் தனியாகப் பூவுக்குள் மறைத்திருக்கிறாள். ஒருமுறை அவள் கேட்டபோது அலர்ஜி என்று சொல்லாமல் சட்டைக் கையை மடித்துக் காட்டியிருந்தால் போதும்.

எல்லாம் முடிந்து கார் நிறுத்தும் இடத்துக்கு வந்தபோது செல்வி பின்னாலேயே ஓடிவந்தாள். சரத்தை யாரோ மறுபடி அவள் தலையில் வைத்துவிட்டிருந்தார்கள்.

"அண்ணே, இதுக்கு எந்த மருந்து கேக்கும்? இங்கிலீஷ் மருந்தா, ஆயுர்வேதமா? நான் தேங்காயெண்ணெய்தான் வச்சுக்கிட்டு இருக்கேன்."

இந்தக் கேள்விக்கு ஒரு மணி நேரம் பேசக்கூடியவன் நான்.

"முதல்ல உங்க வீட்டுப் பக்கத்து கிளினிக்ல, பெரிய ஆஸ்பத்திரிக்கு லெட்டர் வாங்கணும்" என்றேன். "செவ்வாய்க்கிழமை காலையில ஏழு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன். தலையைப் பார்க்கணும்பாங்க. பூ வைக்காம வா."